கல்லும் கஞ்சியும் பெயர்ப்பட்டியலும்: போருக்குப் பிந்தைய ஈழத்தில் நினைவுகாத்தலும் நீதிகோரலும்

ஆய்வுச்சுருக்கம்

இலங்கை உள்நாட்டுப் போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. அப்போரில் இறந்தோரையும் காணாமல் ஆக்கப்பட்டோரையும் தமிழர் நினைவுகூரும் வடிவங்களுள் நினைவுக்கல், முள்ளிவாய்க்கால் கஞ்சி, பெயர்ப்பட்டியல் ஆகிய மூன்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதிகளில் செறிந்து காணப்படும் நடுகல் மரபின் ஆவணக்கூறுகள் இவ்வாய்வுக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. இம்மூன்று வடிவங்களும் இரங்கல் வெளிப்பாடுகளாக இருப்பதோடு, நீதி விசாரணைக்கு வேண்டிய கூற்றுகளைத் தம்முள் கொண்ட சான்றுகளாகவும் விளங்குகின்றன என்பதை நிறுவுவதும், அச்சான்றுகளைக் காப்பதில் தமிழகத் தமிழ்த்துறைகளுக்குள்ள பொறுப்பைச் சுட்டுவதும் கட்டுரையின் நோக்கங்களாகும்.

திறவுச்சொற்கள்: நடுகல், முள்ளிவாய்க்கால், காணாமல் ஆக்கப்பட்டோர், வாய்மொழிச் சான்று, நினைவேந்தல், பொறுப்புக்கூறல்.

1. முன்னுரை

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டித் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. அவற்றுக்கு அப்பால் உள்ள சிற்றூர்களில் ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் மரத்தடிகளிலும் நடுகற்கள் நிற்கின்றன. சில கற்களை மக்கள் வேடியப்பன் என்று பெயரிட்டு இன்றும் பொங்கலிட்டு வழிபடுகின்றனர். வேறு சில கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த பூசல்களில் மாண்டவர்களின் பெயர்களை இக்கற்கள் வாயிலாக இன்று நாம் அறிகிறோம்.

இதே மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களும் உள்ளன. 1983 முதல் பல கட்டங்களில் கடல் கடந்து வந்தோரும் அவர்களுக்கு இம்மண்ணில் பிறந்த பிள்ளைகளும் அங்கு வாழ்கின்றனர். தமிழகம் முழுவதும் இத்தகைய முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்வதாகத் தமிழக அரசு 2021-இல் தெரிவித்தது. அவர்களுள் மூத்தோர் போரின் வெவ்வேறு கட்டங்களை நேரில் கண்டவர்கள். ஆயினும் அவர்கள் கண்டவை பெரும்பாலும் எழுதப்படாமல் வாய்மொழியாகவே உள்ளன.

ஒரே நிலப்பரப்பில் அமைந்த இவ்விருவகை நினைவுகளுள் முன்னதைத் தமிழாய்வு மைப்படி எடுத்து, படித்து, பதிப்பித்துள்ளது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ தொகுதி இத்துறையில் முன்னோடியாகும். பின்னதை என்ன செய்யப்போகிறோம் என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை. அவ்வினாவுக்கு விடைகாண, ஈழத்து நினைவு வடிவங்கள் எவற்றைச் சொல்கின்றன, எவற்றைச் சொல்லவிடாமல் தடுக்கப்படுகின்றன என்பதை முதலில் நோக்க வேண்டும்.

2. நடுகல்லின் ஆவணக்கூறுகள்

தொல்காப்பியப் புறத்திணையியல் கல் நாட்டும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. கல்லைத் தேர்வது முதல் அதனை வாழ்த்துவது வரை அனைத்தும் ஊரறிய நிகழும் செயல்கள். நினைவு என்பது தனியொருவர் மனத்துள் நிகழ்வது என்று கருதாமல், பலர் கூடிப் பொதுவெளியில் நிகழ்த்தும் செயலாகக் கொண்டது இம்மரபு.

பல்லவர் காலம் முதலாகக் கிடைக்கும் எழுத்துடை நடுகற்களின் வாசகங்களைத் தொகுத்து நோக்கின், அவற்றில் ஐந்து கூறுகள் திரும்பத் திரும்ப இடம்பெறக் காணலாம். அவை: (அ) ஆட்சியாண்டு, (ஆ) நாடும் ஊரும், (இ) இறந்தவர் பெயரும் அவர் யாரைச் சார்ந்தவர் என்பதும், (ஈ) யார் தொறுக் கொண்டபோது அல்லது எந்தப் பூசலில் இறந்தார் என்பது, (உ) கல் நாட்டியவர் அல்லது கொடையளித்தவர் பற்றிய குறிப்பு. எல்லாக் கற்களிலும் ஐந்தும் அமைவதில்லை. எனினும் காலம், இடம், ஆள், நிகழ்வு, சான்றுரைப்போர் என்னும் இவ்வமைப்பு ஓர் ஆவணத்தின் அமைப்பாகும் என்பதில் ஐயமில்லை. இக்காலத்தில் காணாமற்போன ஒருவரைப் பற்றி முறைப்பாடு எழுதுவோரும் இதே விவரங்களையே கேட்கின்றனர்.

இம்மரபு தலைவர்களோடு நின்றுவிடவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்து நடுகல், வீரனோடு அவனுடைய நாயையும் உருவாகக் காட்டுவதோடு, ‘கோவிவன்’ என்னும் அந்நாயின் பெயரையும் பதிவு செய்துள்ளது. ஓசூருக்கு அண்மையில், கர்நாடக எல்லைக்குள் அமைந்த பேகூரில் கிடைத்த கன்னடக் கல்வெட்டு கி.பி. 890 அளவினது எனக் கணிக்கப்படுகிறது. நாகத்தரன் என்னும் தலைவனின் இல்லத்தைச் சார்ந்த ஒருவர் ‘பெங்களூர்’ப் போரில் இறந்த செய்தியை அது கூறுகிறது. அந்நகரின் பெயர் இடம்பெற்ற மிகப் பழைய சான்றாக அது மதிக்கப்படுகிறது. போரில் இறந்த ஒரு பணியாளரை நினைவுகூர எழுதிய வரிகளே ஒரு பெருநகரின் வரலாற்றுக்கு முதற்சான்றாயின என்பது எண்ணத்தக்கது.

3. நடுகல் மரபின் எல்லையும் கண்ணகியின் கல்லும்

நடுகல் மரபை ஈழத்து நிலைமையோடு ஒப்பிடுவோர் அதன் எல்லையையும் உணர வேண்டும். நடுகல் பெரிதும் வீரனுக்கு உரியது. ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் ஊரைக் காத்தலிலும் ஆயுதம் ஏந்தி மாண்டவனே அதன் பாட்டுடைத்தலைவன். அப்பூசலின்போது வீட்டுக்குள் மாண்ட பெண்ணுக்கோ குழந்தைக்கோ கல் நாட்டப்பட்ட சான்றுகள் அரியன.

ஈழத்தில் விடுதலைப் புலிகள் 1989 முதல் நவம்பர் 27-ஐ மாவீரர் நாளாகக் கடைப்பிடித்தனர். துயிலும் இல்லங்களில் ஒவ்வொரு போராளிக்கும் தனிக்கல்லும் பெயரும் அமைந்தன. நடுகல் மரபின் தொடர்ச்சியாக அதனை ஆய்வாளர் சுட்டுவதுண்டு. ஆனால் 2009-இல் வன்னியில் இறந்தோரில் மிகப்பலர் போராளிகள் அல்லர். அவர்கள் பதுங்குகுழிகளிலும் மருத்துவமனைகளிலும் உணவுக்கு நின்ற வரிசைகளிலும் இறந்த பொதுமக்கள். அவர்களுக்குத் தனிக்கல்லும் இல்லை. முழுமையான பட்டியலும் இல்லை. வீரவணக்கம் என்னும் சொல்லால் அவர்களைக் குறிப்பது, அவர்கள் தம் விருப்பத்தால் இறந்தனர் என்ற தவறான பொருளைத் தந்துவிடும்.

இவ்விடத்துச் சிலப்பதிகாரம் தரும் விரிவு பயனுடையது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல் என்னும் புறத்திணைத் துறைப்பெயர்களை இளங்கோவடிகள் வஞ்சிக்காண்டக் காதைகளுக்குத் தலைப்பாக்கினார். ஆயின் அங்குக் கல் எடுக்கப்பெறுவது போரில் மாண்ட வீரனுக்கு அன்று. அரசின் தவறான தீர்ப்பால் கணவனை இழந்து, அவைக்குச் சென்று வழக்குரைத்த ஒரு பெண்ணுக்கு. வீரர்க்குரிய கல்லை அநீதிக்கு உள்ளானவருக்கு உரியதாக ஆக்கிய முதற்பெரும் இலக்கியச் சான்று இதுவெனலாம். காப்பியத்தின் வரிசைமுறையும் கருதத்தக்கது. மதுரைக்காண்டத்தில் சிலம்பு சான்றாக உடைபட்டு, தவறு ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னரே வஞ்சிக்காண்டத்தில் கல் நாட்டப்படுகிறது. வழக்கு முன்னது, கல் பின்னது.

ஈழத்தில் இவ்வரிசை மாறியுள்ளது. வழக்குரைக்கும் அவை கிடைக்காத நிலையில் மக்கள் கல்லை முதலில் நாட்டுகின்றனர். ஆகவே, அக்கல் வழக்கின் பணியையும் சேர்த்தே சுமக்க வேண்டியதாகிறது. போர் முடிவுற்ற நந்திக்கடல் பகுதியில்தான் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் உள்ளது. அங்கு வைகாசிப் பொங்கல் நிகழும் பருவமும் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நிகழும் பருவமும் அடுத்தடுத்து வருகின்றன. நீதி கேட்ட பெண்ணின் நினைவு அந்நிலத்துக்குப் புதியதன்று.

4. இடிக்கப்படும் கற்கள்

ஈழத்தில் நினைவுச்சின்னங்களுக்கு நேர்ந்த அழிவு 2009-க்கு முன்பே தொடங்கியது. 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் காவல்துறையின் நடவடிக்கையை அடுத்துப் பொதுமக்கள் உயிரிழந்தனர். அவர்களுக்காக எழுப்பப்பட்ட நினைவுத்தூண்களும் பிற்காலத்தில் சேதப்படுத்தப்பட்டன. தமிழாய்வின் பெயரால் கூடிய அவையிலேயே அவ்வுயிர்கள் பிரிந்தன என்பதால், இவ்வரலாறு தமிழ்த்துறைகளுக்கு அயலானதன்று. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன.

போர் முடிவுற்றபின் துயிலும் இல்லங்கள் இடித்து நிரவப்பட்டன. கோப்பாய்த் துயிலும் இல்லம் இருந்த நிலத்தில் இராணுவத்தின் 51-ஆம் படைப்பிரிவுத் தலைமையகம் கட்டப்பட்டு 2011-இல் திறக்கப்பட்டது. 2021 சனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாநிலை மேற்கொண்டனர்; வடக்கிலும் கிழக்கிலும் கடையடைப்பு நடைபெற்றது. அதன்பின் மீள அடிக்கல் நாட்டப்பெற்று, அதே ஆண்டு ஏப்ரலில் தூபி மீண்டும் எழுப்பப்பட்டது.

தமிழகமும் இவ்வகையில் விலக்கன்று. தஞ்சாவூரை அடுத்த விளாரில் 2013 நவம்பரில் முள்ளிவாய்க்கால் நினைவு முற்றம் திறக்கப்பட்டது. திறக்கப்பட்ட சில நாள்களிலேயே, நெடுஞ்சாலைத்துறை நிலத்தை ஆக்கிரமித்ததாகக் கூறி அதன் சுற்றுச்சுவரை அதிகாரிகள் இடித்தனர். புலம்பெயர் நாடுகளில் நிலைமை வேறு. கனடாவின் பிராம்டன் நகரில் 2025 மே 10 அன்று தமிழினப் படுகொலை நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. நிகழ்வு நடந்த மண்ணில் அச்சத்தோடு நடப்பட வேண்டிய கல், பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நகராட்சிப் பூங்காவில் நிற்கிறது.

கல்லை இடிப்போர் அதன் பொருளை நன்கு அறிந்தே இடிக்கின்றனர். காலம், இடம், ஆள், நிகழ்வு, சான்றுரைப்போர் என்னும் ஐந்து கூறுகளையும் ஒரு கல் பொதுவெளியில் நிறுத்துமாயின், ‘இன்னது நிகழ்ந்தது’ என்னும் கூற்று அங்கு நிலைபெறுகிறது. நிகழவே இல்லை என்று உரைக்க விரும்பும் அதிகாரத்துக்கு அக்கூற்று இடையூறாகிறது.

5. கஞ்சி: உணவு சான்றாகும் முறை

அரிசியை நீரில் உப்பிட்டு வேகவைத்து, கிடைத்தால் சிறிது தேங்காய்ப்பாலும் சேர்த்து, ஒரு சிரட்டை அளவு வழங்கப்பட்டதே இறுதிப்போர்க் காலத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி. ஆண்டுதோறும் மே 12 முதல் 18 வரையிலான நினைவேந்தல் வாரத்தில் வடக்கிலும் கிழக்கிலும் கோயில் முன்றில்களிலும் சந்திகளிலும் பல்கலைக்கழக வளாகங்களிலும் இக்கஞ்சி காய்ச்சி வழங்கப்படுகிறது. வீரவழிபாட்டின் கூறுகள் எவையும் இதில் இல்லை. உண்போர் யாவரும் அன்று பட்டினி கிடந்த பொதுமக்களின் நிலையில் தம்மை வைத்துக்கொள்கின்றனர்.

இக்கஞ்சியின் சான்றுமதிப்பை உணர, ஓர் எண்ணிக்கையை நோக்க வேண்டும். 2009 தொடக்கத்தில் போர்ப்பகுதியில் எஞ்சியிருப்போர் ஏறத்தாழ 70,000 பேர் என அரசு கூறியது. போர் முடிந்தபின் அப்பகுதியிலிருந்து வெளியேறி முகாம்களில் அடைக்கப்பட்டோரோ 2,80,000-ஐத் தாண்டினர். மக்கள்தொகையை வேண்டுமென்றே குறைத்துக் காட்டி, அதனைக் கொண்டு உணவையும் மருந்தையும் அரசு கட்டுப்படுத்தியது என்னும் குற்றச்சாட்டு நம்பத்தக்கது என, ஐக்கிய நாடுகள் பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் வெளிவந்த தன் அறிக்கையில் குறிப்பிட்டது. பொதுமக்களின் இறப்பு 40,000 வரை இருக்கலாம் என்ற மதிப்பீட்டையும் அக்குழு பதிவு செய்தது.

இப்பின்னணியில் நோக்கினால், ‘நாங்கள் கஞ்சி மட்டுமே குடித்தோம்’ என்னும் வாய்மொழி, துயரக் கூற்றாக மட்டும் நிற்பதில்லை. பொதுமக்களுக்கு உணவு மறுத்தல் அனைத்துலக மனிதநேயச் சட்டத்தின்படி குற்றமாகும். அக்குற்றம் நிகழ்ந்தது என்பதற்குக் கஞ்சி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் சாட்சியம். எழுத்தறிவு வேண்டாமலும் செலவு மிகாமலும் எந்தச் சிற்றூரிலும் இச்சாட்சியத்தை நிகழ்த்த இயலும். கல்லை ஓரிரவில் இடித்துவிடலாம். சமைக்கும் முறையை அவ்வாறு இடிக்க இயலாது. 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் கஞ்சி வழங்கியமைக்காகப் பெண்கள் உட்பட நால்வர் கைது செய்யப்பட்டனர். ஒரு சிரட்டைக் கஞ்சிக்குக் காவல்துறை வந்தமையே, அதன் பொருள் உணரப்பட்டமைக்குச் சான்றாகும்.

6. ‘போனோர்’, ‘ஆக்கப்பட்டோர்’: வினைச்சொல்லில் ஒரு வழக்கு

மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 2011 சனவரியில் ஓர் எண்ணை முன்வைத்தார். அரச செயலகத் தரவுகளின்படி 2008 அக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்தோர் 4,29,059 பேர். 2009 சூலை 10 வரை அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார். இவ்வெண் இறந்தோரின் எண்ணிக்கை என அவர் கூறவில்லை. பதிவான கணக்குகளைக் கொண்டு செய்யப்பட்ட ஒரு கழித்தல் அது. விளக்கமளிக்கும் பொறுப்பு கணக்கெடுத்தவர்க்கே உரியது என்பது அவ்வினாவின் உட்பொருள். அவ்வினாவுக்கு விடை பெறாமலே அவர் 2021 ஏப்ரல் 1 அன்று காலமானார்.

இவ்வெண்ணைப் பெயர்களாக மாற்றும் முயற்சியைக் குடும்பங்கள் மேற்கொண்டன. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தாய்மார் தொடங்கிய தொடர்போராட்டம் வவுனியா, முல்லைத்தீவு முதலிய இடங்களுக்கும் பரவியது. கையில் ஏந்திய ஒளிப்படங்களே அவர்களின் பட்டியல். அவர்கள் பயன்படுத்தும் சொல் தமிழாய்வாளர் ஊன்றி நோக்கத்தக்கது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அரசு அமைத்த நிறுவனத்தின் தமிழ்ப்பெயர் ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’ என்பது. குடும்பங்களின் அமைப்போ ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் சங்கம்’ எனத் தன்னைக் குறிக்கிறது.

‘காணாமற்போன’ என்பதில் உள்ள ‘போ’ செயப்படுபொருள் குன்றிய வினை. அதற்குப் போனவரே எழுவாய். வேறொரு வினைமுதல் தேவையில்லை. ‘ஆக்கப்பட்டோர்’ என்பதோ பிறவினையடியாகப் பிறந்த செயப்பாட்டுவினை வடிவம். ஆக்கப்பட்டார் எனில் ‘எவரால்?’ என்னும் வினா இலக்கண வகையிலேயே எழும். மூன்றாம் வேற்றுமை ஏற்று நிற்க வேண்டிய வினைமுதல் அங்கு வெற்றிடமாக உள்ளது. குடும்பங்கள் கேட்கும் நீதி, அவ்வெற்றிடத்தில் வரவேண்டிய பெயரே எனலாம். ‘வலிந்து’ என்னும் அடை, அச்செயல் தற்செயலானதன்று என்பதை மேலும் வரையறுக்கிறது.

நடுகல் வாசகங்களின் முடிக்குஞ்சொல் ‘பட்டான்’ என்பது. ‘படு’ என்னும் அவ்வினை அங்கே ‘இறந்தான்’ என முற்றுப் பொருள் தருகிறது. கல் நாட்டுவோர் இறப்பை அறிவர். உடலையும் பெரும்பாலும் கண்டிருப்பர். ‘ஆக்கப்பட்டோர்’ என்பதில் அதே ‘படு’ துணைவினையாக நின்று, முடிவுறாத ஒரு நிலையைச் சுட்டுகிறது. இறந்தாரா, உளரா என அறியாத நிலையில் ‘பட்டான்’ என்று எழுதத் தாயால் இயலாது. 2020 சனவரியில் அப்போதைய குடியரசுத் தலைவர், காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்று ஐக்கிய நாடுகள் பிரதிநிதியிடம் கூறி, விசாரணைக்குப் பின் மரணச் சான்றிதழ் வழங்கும் வழியை முன்வைத்தபோது, குடும்பங்கள் அதனை ஏற்கவில்லை. எங்கு, எப்போது, எவரால் என்பன வெறுமையாக விடப்பட்ட சான்றிதழ், நடுகல் அளவுக்கேனும் ஆவணமாகாது என்பதே அம்மறுப்பின் அடிப்படை.

7. பட்டியலின் முழுமை

பெயர்ப்பட்டியல் நீதிக்குப் பயன்பட வேண்டுமாயின், அதில் யாருடைய பெயரும் விடுபடக்கூடாது. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். இவை விடுதலைப் புலிகளின் பெயரில் பதிவான நிகழ்வுகள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீட விரிவுரையாளரும் ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர்களுள் ஒருவருமான ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். இருதரப்பு மீறல்களையும் பெயர், நாள், இடம் குறித்துப் பதிவு செய்யும் பணியில் ஈடுபட்டிருந்தவர் அவர். இறுதிப்போரில் தப்பியோட முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதையும் சிறாரைக் கட்டாயமாகப் படையில் சேர்த்ததையும் வல்லுநர் குழு அறிக்கை சுட்டியுள்ளது.

தென்னிலங்கையில் 1987–1989 கிளர்ச்சிக் காலத்தில் பல்லாயிரம் சிங்கள இளைஞர் காணாமல் ஆக்கப்பட்டனர். 2012 இறுதியில் மாத்தளை மருத்துவமனை வளாகத்தில் 150-க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவர்களின் தாய்மாரும் விடைக்காகக் காத்திருந்தவர்களே.

இவற்றைச் சேர்ப்பதால் முள்ளிவாய்க்கால் மக்களின் வழக்கு வலுவிழக்கும் என்னும் அச்சம் சிலரிடம் உண்டு. ஆனால் தனக்கு உவந்த பெயர்களை மட்டும் கொண்ட பட்டியலை நீதிமன்றம் பரப்புரையாகவே கருதும். ‘எவரால்?’ என்னும் வினாவை எல்லா இறப்புக்கும் எழுப்புவோரே தம்மவர் இறப்புக்கும் அதனை எழுப்பும் தகுதி பெறுகின்றனர்.

8. நினைவிலிருந்து நீதிக்கு

2015 அக்டோபரில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை நிறைவேற்றிய 30/1 தீர்மானத்துக்கு இலங்கை அரசும் இணை அனுசரணை வழங்கியது. உண்மை ஆணைக்குழு, காணாமற்போனோர் அலுவலகம், இழப்பீட்டு அலுவலகம், சிறப்பு நீதிப்பொறிமுறை ஆகிய நான்கும் உறுதியளிக்கப்பட்டன. அலுவலகங்கள் இரண்டும் அமைந்தன, நீதிப்பொறிமுறை அமையவில்லை. 2020 பிப்ரவரியில் அவ்வனுசரணையிலிருந்து இலங்கை விலகியது. 2021 மார்ச் 23 அன்று நிறைவேறிய 46/1 தீர்மானம், எதிர்கால விசாரணைகளுக்காகச் சான்றுகளைச் சேகரித்துப் பாதுகாக்கும் பணியை மனித உரிமைகள் உயர் ஆணையர் அலுவலகத்திடம் ஒப்படைத்தது. ஆதரவாக 22 நாடுகளும் எதிராக 11 நாடுகளும் வாக்களித்தன. இந்தியா உட்பட 14 நாடுகள் வாக்களிப்பில் பங்கேற்கவில்லை. விசாரணை மன்றம் அமையாத நிலையிலும் சான்றுகளைக் காக்கலாம் என்னும் கொள்கையை இத்தீர்மானம் ஏற்றது. மக்கள் கல்லாலும் கஞ்சியாலும் செய்துவந்ததும் அதுவே.

நிலமும் தன் சான்றை வெளிப்படுத்தி வருகிறது. செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டனர் என, பள்ளி மாணவி ஒருவரின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற படைவீரர் ஒருவர் 1998-இல் நீதிமன்றத்தில் கூறினார். மறு ஆண்டு அகழ்ந்தபோது 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. 2025-இல் அப்பகுதியில் தொடங்கிய புதிய அகழ்வில் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றுள் குழந்தைகளுடையனவும் உள்ளன. எலும்புகளோடு பள்ளிப்பையும் விளையாட்டுப்பொம்மையும் கிடைத்தன. முல்லைத்தீவு மாவட்டம் கொக்குத்தொடுவாயில் 2023-இல் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது வெளிப்பட்ட புதைகுழியில் 52 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டன.

புதைகுழியில் கிடைக்கும் எலும்புக்குப் பெயர் இல்லை. தாயிடம் பெயர் உண்டு, உடல் இல்லை. இவ்விரண்டையும் இணைக்கும் பணியை மரபணு ஆய்வு செய்ய இயலும் என்பதற்குப் பொசுனியாவின் சிரெபிரெனிக்கா சான்றாகும். அங்கு 1995 சூலையில் கொல்லப்பட்ட 8,000-க்கும் மேற்பட்டோருள் ஏறத்தாழ 7,000 பேரின் அடையாளம், உறவினரின் குருதி மாதிரிகளோடு ஒப்பிட்டு நிறுவப்பட்டது. அவ்வடையாளங்கள் அனைத்துலகத் தீர்ப்பாயத்தின் வழக்குகளில் சான்றாயின. ஒப்பிட உறவினர் உயிரோடு இருந்தமையால் அப்பணி எளிதாயிற்று. ஈழத்தில் 2017 முதல் சாலையோரப் பந்தல்களில் அமர்ந்த பெற்றோருள் பலர் விடை காணாமலே இறந்துவிட்டனர். ஒவ்வொருவரின் இறப்போடும் ஒரு சாட்சியமும் ஒரு குருதித்தொடர்பும் மறைகின்றன.

9. தமிழ்த்துறைகளின் பொறுப்பு

நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் எண்ணிமமாக்கி வருகிறது. எரிந்த நூலகத்தின் படிப்பினையை ஏற்று, படிகளைப் பல இடங்களில் காக்கும் முயற்சியாக அதனைக் கருதலாம். தமிழகத்தின் பங்கு வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுவதில் அமையலாம். நாட்டாரியலும் கல்வெட்டியலும் பயிற்றும் துறைகளுக்கு அதற்கான பயிற்சி முன்பே உள்ளது. அப்பணியில் பின்வரும் நெறிகள் இன்றியமையாதன.

முதலாவது, சொல்வோரின் இசைவு. முகாம்களில் வாழ்வோர் இந்தியக் குடியுரிமை பெறாதவர்கள். 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் அவர்களை உள்ளடக்கவில்லை. பேசுவதால் தமக்கோ ஊரிலுள்ள உறவினருக்கோ தீங்கு நேருமோ என அஞ்சுவது இயல்பு. ஆகவே, அடையாள மறைப்பும் இடையில் விலகும் உரிமையும் முன்னரே உறுதிசெய்யப்பட வேண்டும். இரண்டாவது, சொல்லின் காப்பு. ‘செல்’, ‘பங்கர்’, ‘கிபிர்’, ‘ஆமி’ என அவர்கள் வழங்கும் போர்க்காலச் சொற்களைத் திருத்தி எழுதலாகாது. ‘கிபிர்’ என்று ஒருவர் கூறுவது குறிப்பிட்ட ஒரு போர்விமானத்தையும் அது பயன்பட்ட காலத்தையும் சுட்டும் சான்றாகும். மூன்றாவது, நடுகல்லின் ஐந்து கூறுகள். எப்போது, எங்கு, யார், என்ன நிகழ்ந்தது, அதை எவ்வாறு அறிந்தார் என்பன ஒவ்வொரு பதிவிலும் தெளிவுற வேண்டும். நேரில் கண்டதும் பிறர்வழிக் கேட்டதும் பிரித்துக் குறிக்கப்பட வேண்டும். நான்காவது, மீள மீளக் கேளாமை. ஒரே துயரைப் பல ஆய்வாளர் பலமுறை சொல்லவைப்பது ஆய்வறத்துக்கு ஒவ்வாது. நன்கு செய்த ஒரு பதிவு பலருக்கும் பயன்படுமாறு காக்கப்பட வேண்டும்.

10. முடிவுரை

நடுகல் மரபின் ஆவணக்கூறுகளை அளவுகோலாகக் கொண்டு நோக்கியதில் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. நினைவுக்கல், நிகழ்வையும் இடத்தையும் பொதுவெளியில் நிலைநிறுத்துகிறது. அதனாலேயே அது இடிக்கப்படுகிறது. முள்ளிவாய்க்கால் கஞ்சி, உணவு மறுக்கப்பட்டமைக்கான சாட்சியத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறது. ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்னும் சொல்லாட்சி, வினைமுதல் யார் என்ற நீதிவினாவைத் தன் இலக்கண அமைப்பிலேயே கொண்டுள்ளது. இம்மூன்றும் விசாரணைக்கு மாற்றாக அமையா. விசாரணை வரும்வரை சான்றைக் காக்கும் வடிவங்களாக அமைகின்றன. வீரரை மட்டும் நினைந்த கல் மரபை அநீதிக்கு உள்ளானோருக்கும் விரித்த முன்மாதிரி சிலப்பதிகாரத்தில் உண்டு. அவ்விரிவு எல்லாச் சமூகத்தவரின் இறப்பையும் தழுவும்போதே பட்டியல் நம்பகம் பெறும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மண்ணில் புதைந்த ஒரு நடுகல் வெளிப்பட்டால், அதனைத் தூய்மைசெய்து மைப்படி எடுத்து, சிதைந்த எழுத்தையும் ஊகித்துப் படிக்க ஆய்வாளர் பலர் முன்வருவர். அம்முயற்சி போற்றத்தக்கது. அம்மாவட்டத்தின் முகாம்களில் வாழும் மூத்தோரிடம் எழுத்துச் சிதையாத சான்றுகள் உள்ளன. அவர்களை அணுகி, இசைவு பெற்று, பதிவு செய்தற்குரிய காலம் குறைந்துவருகிறது.